பாப்பா யாரைக் கும்பிடுகிறாள்?

எங்கள் பாப்பாவுக்கு இப்போது இரண்டு வயசு எட்டு மாசம். பேசுகிற வார்த்தைகளில் முக்கால்வாசி பர்மிய மொழி, மீதி தமிழ், நடுவில் கார்ட்டூன் புண்ணியத்தில் கொஞ்சம் இங்கிலீஷ். ஒரு நாளைக்கு அவள் அதிகம் சொல்கிற வார்த்தை எது என்று எண்ணிப் பார்த்தால் முதலிடம் ‘வேண்டாம்’. இரண்டாவது இடம் ‘ஃபயா’. எங்கள் வீட்டில் கடந்த சில மாசமாக நடக்கிற வாக்குவாதம் எல்லாம் அந்த இரண்டாவது வார்த்தையைப் பற்றித்தான்.

ஃபயா என்றால் பர்மிய மொழியில் புத்தர். புத்தர் சிலையும் ஃபயா. ஸ்வேடகோன் மாதிரி பகோடாவும் ஃபயா. பிக்குவிடம் பேசும்போதும் மரியாதைக்கு அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். கிறிஸ்தவர்களுக்கும் அதே வார்த்தைதான். பர்மிய பைபிளில் கடவுள் ‘ஃபயா தகின்’. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகிற கோயிலுக்கு (நாங்கள் கத்தோலிக்கர்கள், சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) பர்மியப் பெயர் ‘ஃபயா ஷிக்கோ சாவுங்’. ஷிக்கோ என்றால் கைகூப்பி விழுந்து வணங்குவது. சாவுங் என்பது மடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொதுவான சொல். தொனியை மட்டும் மாற்றினால் அதுவே பூனை. பாப்பாவுக்குத் தொனி இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று யாராவது கேட்டால், பூனைக்குப் போனேன் என்கிற மாதிரிதான் பதில் வரும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது டாலாவில். யாங்கோன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் டாலா, அந்தப் பக்கம் நகரம். பன்சோடான் படகுத்துறையிலிருந்து பத்து நிமிஷப் படகுப் பயணம். ஜப்பான் 2014இல் அன்பளிப்பாகக் கொடுத்த ‘செர்ரி’ படகில் ஏறினால், குளிர்காலத்தில் கடற்காக்கைக் கூட்டம் கூடவே பறந்துவரும். ஜனங்கள் தீனி வாங்கி வீசுவார்கள். பாப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் முதலில் அதுதான், பூசை அப்புறம்தான். கொரியாவின் கடனுதவியில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டும் பாலமும் படகிலிருந்து தெரியும். பாலம் வந்தால் நேரம் மிச்சம் என்று இவர் சொல்வார். காக்காய்க்கு யார் தீனி போடுவது என்பது பாப்பாவின் கவலை.

டாலாவில் தமிழர் எப்படி வந்தார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனிக்கு இங்கேதான் கப்பல் பட்டறை. இவருடைய தாத்தாவின் அப்பா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து அங்கே கூலிக்குச் சேர்ந்தவர். 1942இல் ஜப்பான் படை நெருங்கியபோது கம்பெனி தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே மணிப்பூருக்கும் அஸ்ஸாமுக்கும் போனார்கள். இந்தக் குடும்பம் போகவில்லை. 1964இல் கடை கண்ணியெல்லாம் அரசுடைமையானபோது இன்னொரு அலை கப்பலேறியது. சென்னையில் பர்மா பஜார் போட்டவர்கள் அவர்கள். இந்தக் குடும்பம் அப்போதும் போகவில்லை. அடுத்த வருஷம், 1965இல், தனியார் பள்ளிக்கூடங்களும் அரசின் கைக்குப் போயின. அதோடு தமிழ் எழுத்து படிக்க மாரியம்மன் கோயில் திண்ணையோ எங்கள் கோயில் ஞாயிறு வகுப்போதான் மிச்சம்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் இரண்டாவது தலைமுறை. அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தவர்கள், நீங்கள் அங்கேயே பிறந்தவர்கள், பிள்ளைக்குத் தமிழ் வருமா என்பது உங்கள் கவலை. நான் நாலாவது தலைமுறை. எனக்கு எழுத்துத் தமிழ் ஓரளவு கைவந்ததே சென்னையில் முதுகலை படித்த இரண்டு வருஷத்தால்தான். இவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். எங்களைப் போன்ற வீடுகளில் தாத்தா பாட்டி பேசுவார்கள், அப்பா அம்மா புரிந்துகொள்வார்கள், பிள்ளைகள் பர்மிய மொழியில் பதில் சொல்வார்கள். உங்கள் வீட்டில் பர்மியத்துக்குப் பதில் வேறு மொழி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

சரி, ஃபயாவுக்கு வருகிறேன்.

நான் சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அவர்கள் மணி எங்களைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே ஒன்பது மணிக்கு மீட்டிங் என்றால் இங்கே ஏழரை. கரெண்ட் எப்போது இருக்கும் எப்போது போகும் என்பதற்கு ஏற்ப பேட்டரியை வைத்துச் சமாளிக்க வேண்டும். அந்த நேரத்தில் பாப்பா பக்கத்து வீட்டு ஃப்வா ஃப்வாவிடம் இருப்பாள். ஃப்வா ஃப்வா என்றால் பாட்டி. எழுபதைத் தாண்டிய பர்மியப் பெண்மணி. பாப்பா பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து, என்ன கிழமை என்று கேட்டவர். பர்மியர்களுக்குப் பிறந்த கிழமைதான் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லும். வியாழன் என்றோம். வியாழனுக்கு ப, ம வரிசை. நாங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்த ஞானஸ்நானப் பெயரும் மாதா பெயர், ‘ம’வில் தொடங்குவது. ‘உங்கள் ஃபயாவும் எங்கள் கணக்குத்தான் பார்க்கிறார்’ என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அந்த ஏழரை மணி வாக்கில்தான் தெருவில் சேகண்டிச் சத்தம் கேட்கும். பிக்குகள் பாத்திரம் ஏந்தி வரிசையாக வருவார்கள். கடைசியில் பத்து வயசு, எட்டு வயசுச் சின்னப் பையன்களும் காவி கட்டி நடந்துவருவார்கள். ஃப்வா ஃப்வா வாசலில் சுடுசோற்றுப் பாத்திரத்தோடு நிற்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி. முடிந்ததும் குனிந்து கும்பிடுவார். பாப்பாவும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டாள். கன்னத்தில் தனக்கா பூசிய முகத்தோடு மண்ணில் மண்டி போட்டு, கை கூப்பி, நெற்றி தரையில் படுகிற மாதிரி மூன்று தடவை. மூன்றாவது தடவை எழுந்திருக்க மாட்டாள், அப்படியே பக்கவாட்டில் உருண்டுவிடுவாள். சின்ன பிக்குகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் அத்தை இதைப் பார்த்துவிட்டார்.

நான் மீட்டிங்கில் இருந்தேன். கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். “ஏம்மா, புள்ள அங்க என்ன பண்றான்னு பாத்தியா?” கேமராவை அணைத்துவிட்டு, “என்ன அத்தை?” என்றேன். “மண்ணுல விழுந்து சாமியார கும்பிடுறா. ஃபயா ஃபயாங்கறா.” அத்தை குரல் உயர்த்துகிறவர் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. நேரே போய்ச் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய சண்டை.

சாயங்காலம் இவர் வந்ததும் விசாரணை தொடங்கியது. இவருக்கு எதையும் சிரித்துக் கடக்கிற சுபாவம். “2008ல நீங்களே மடத்துலதானம்மா இருந்தீங்க?” என்றார். நர்கிஸ் புயலைச் சொன்னார். அந்த வருஷம் மே மாசம் டெல்டாவையும் யாங்கோனையும் அடித்துப் போட்ட புயல். டாலாவில் மூங்கிலும் தகரமுமாக இருந்த வீடுகள் நின்ற இடம் தெரியவில்லை. இவர்கள் வீட்டுக் கூரையும் போய்விட்டது. அப்போது தெருவில் எல்லாரையும் போல இவர்களும் மடத்தில்தான் தங்கினார்கள். அத்தை பதில் சொல்ல யோசிக்கவே இல்லை. “இருந்தேன். பதினோரு நாள் சோறு போட்டாங்க. ஒருநாள்கூட கும்பிடச் சொல்லல.”

இதற்கு இவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அத்தை பிடிவாதக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். 2014 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த நாட்டில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள் ஆறு பேர்தான். அதிலும் பெரும்பாலோர் கரேன், காச்சின், சின் மக்கள். தமிழ் கத்தோலிக்கர் என்பது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியும் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று விரல் இடுக்கில் வழிந்துகொண்டிருக்கிறது. தமிழ்ப் பூசையில் முன்பு நின்றுகொண்டு பார்த்த கூட்டம், இப்போது உட்கார்ந்து மிச்சம் இடம் இருக்கிறது. இந்த நிலைமையில் ஒரே பேத்தி தெருவில் விழுந்து கும்பிட்டால் ஒரு பாட்டிக்கு வயிறு கலங்காதா?

நான் அத்தையிடம் என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிப் பார்த்தேன். பர்மியர்கள் விழுந்து கும்பிடுவது ஃபயாவை மட்டும் இல்லை. புத்தர், தர்மம், சங்கம், அப்பா அம்மா, வாத்தியார் என்று ஐந்து பேரை ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி வரும் தடிஞ்சூட் விளக்குத் திருவிழாவில் பிள்ளைகள் பழம், துணிமணியோடு போய்ப் பெரியவர்கள் காலில் இதே மாதிரிதான் விழுவார்கள். நம் ஊரிலும் பங்குச் சாமியாரைப் பார்த்தால் முழந்தாளிட்டு சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி நெற்றியில் சிலுவை வாங்கிக்கொள்கிற வழக்கம் இருந்ததே, அத்தையே சின்ன வயசில் அப்படிச் செய்தவர்தானே? “அது வேற” என்றார். வார்த்தைக்கு வந்தேன். சாமி என்கிறோம். கடவுளும் சாமி, பங்குச் சாமியாரும் சாமி, சென்னை ஹாஸ்டலில் என் அறைத்தோழி மாலை போட்டிருந்த தன் அப்பாவையும் சாமி என்றுதான் போனில் கூப்பிடுவாள். ஃபயா மாதிரியே அகலமான சொல்தானே? “அதுவும் வேற.”

வேறதான் போல. தமிழ் பைபிளில் கடவுளுக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று முந்நூறு வருஷமாகச் சண்டை நடந்திருக்கிறது. கத்தோலிக்கருக்கு சர்வேசுரன், ஃபபிரிசியுஸ் ஐயருக்கு பராபரன், 1871இல் வந்த மொழிபெயர்ப்பில் தேவன், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் கடவுள். பர்மிய மொழிக்கு பைபிளைக் கொண்டுவந்த ஜட்ஸன் 1813இல் ரங்கூனில் வந்து இறங்கியவர். மொழிபெயர்ப்பை முடிக்க 1834 ஆயிற்று. புத்தருக்கு இருந்த ஃபயாவையே எடுத்து, ‘தகின்’ என்று ஆண்டவரைப் பின்னால் சேர்த்துவிட்டார். அவரும் இந்த ஊரில் ஒரு குழந்தைக்கு அப்பாவாக இருந்தவர். அந்தப் பையன் எட்டு மாசத்தில் 1816இல் இங்கேயே இறந்துபோனான். கொஞ்ச வருஷம் இருந்திருந்தால் அவனும் தெருவில் பர்மியக் குழந்தைகளோடு விளையாடி, ஃபயா என்று எதை எதையோ காட்டியிருப்பான். அவன் அப்பா அம்மா என்ன செய்திருப்பார்கள் என்று பாப்பா தூங்கிய பிறகு சில நாள் யோசித்திருக்கிறேன்.

பங்குச் சாமியாரிடமும் வழக்கு போயிற்று. அவர் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார், சிரித்தார். “ரெண்டு வயசுல அது விளையாட்டும்மா. ஆறு வயசுல ஏதாவது இருந்தா வாங்க, பேசுவோம்.” எனக்கு நிம்மதி. படகில் திரும்பி வரும்போது அத்தை கடற்காக்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சாமியாருக்கு என்ன, பேரப்பிள்ளையா இருக்கு?”

அத்தைக்குக் கோபம் தணிந்தபோது அவரே ஒரு யோசனையும் சொன்னார். ஃபயா என்ற வார்த்தையை பிக்குகளுக்கும் பகோடாவுக்கும் விட்டுவிடலாம். நம் ஆண்டவரைத் தமிழில் மட்டும் சொல்லிக்கொடுக்கலாம். சேசப்பா, மாதா, சம்மனசு. வீட்டில் செபம் முழுக்கத் தமிழில். பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு என்று தானாகப் புரிந்துவிடும்.

நல்ல யோசனைதான், நடக்கவும் தொடங்கிவிட்டது. ராத்திரி கரெண்ட் போனதும் மெழுகுவத்தி ஏற்றி, மாதா படத்துக்கு முன்னால் பாய் விரித்து உட்காருவோம். அத்தை சிலுவை போடச் சொல்லிக்கொடுப்பார். அதில் ஒரு வேடிக்கை. அத்தைக்குச் செபம் சொல்லிக்கொடுத்தது அவருடைய பாட்டி. அந்தப் பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழில் தூய ஆவிக்கு ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். தமிழ்நாட்டில் அதை எப்போதோ மாற்றிவிட்டார்கள். சென்னையில் என் தோழிகளிடம் சொன்னபோது அவர்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. டாலாவில் ஒரு வீட்டில் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பாப்பா வாயில் அது ‘பித்து சாந்து’ ஆகியிருக்கிறது.

அப்புறம் யார் யாருக்காக வேண்டிக்கொள்வது என்று பட்டியல். அப்பாயி, அப்பா, அம்மா, ஃப்வா ஃப்வா, பூனை, செர்ரி கப்பல், கடற்காக்காய், முட்டிக்கால் காயம். பட்டியல் நீண்டால் தூக்கம் தள்ளிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். சில நாள் தெருவில் உள்ள ஒவ்வொரு மோட்டார் பைக்கும் ஆசீர்வாதம் பெறும். ஆமென் சொன்னால் விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதால் ஆமென் மட்டும் சொல்ல மாட்டாள்.

எனக்கு இருக்கிற உறுத்தல் வேறு. அத்தை ஏற்பாட்டில் தமிழ் சாமி பாஷையாகிறது, பர்மியம் மற்ற எல்லாவற்றுக்கும் ஆகிறது. என் தலைமுறையில் அப்படி ஆன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முழு செபமாலையும் மனப்பாடமாகத் தமிழில் சொல்வார்கள், ‘தண்ணீர் கொண்டா’ என்று சொல்ல வராது. லத்தீன் மாதிரி ஆகிவிடுகிறது. பிள்ளை அடம் பிடிப்பது, பேரம் பேசுவது, பொய் சொல்வது, கோள் மூட்டுவது எல்லாம் தமிழில் நடந்தால்தான் அது வீட்டு மொழி என்பது என் கட்சி. அந்த வகையில் அவளுடைய நம்பர் ஒன் வார்த்தை ‘வேண்டாம்’ என்பதில் எனக்கு ரகசியப் பெருமை உண்டு. ஃப்வா ஃப்வா வீட்டில்கூட அவள் மறுப்பது தமிழில்தான். பாவம், அந்த எழுபது வயசுப் பெண்மணி இப்போது ‘வேந்தாம் வேந்தாம்’ என்று அவளுக்குப் பழிப்புக் காட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அதனால் நான் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டேன். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, மிரட்டுவது மூன்றும் என் பொறுப்பு, மூன்றும் தமிழில் மட்டும். இவர் மிரட்டினால் பர்மிய மொழியில் வந்துவிடும், அதனால் இவருக்கு மிரட்ட அனுமதி இல்லை. இவர் இதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

போன வருஷம் குருத்து ஞாயிறும் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே நாளில் வந்தன, ஏப்ரல் 13. மார்ச் கடைசியில் நடந்த நிலநடுக்கத்தால் அந்த முறை திருவிழாவில் சத்தமே இல்லை. டாலாவில் ஏப்ரல் என்றால் குளங்கள் வற்றுகிற மாசம் வேறு. குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசை நிற்கும், வாளி வாளியாக ஊற்றி விளையாட முடியாது. காலையில் கோயிலில் சாமியார் எங்கள் குருத்தோலை மேல் தீர்த்தம் தெளித்தார். படகில் வந்து இறங்கினால், தெருமுனையில் ஃப்வா ஃப்வா ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் வாசனைத் தண்ணீர் வைத்துக்கொண்டு, நாவல் இலை மாதிரி இருக்கும் தபியே கொப்பைத் தோய்த்து வருகிறவர் தோளில் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்கு, இவருக்கு, பாப்பாவுக்கு எல்லாம் தெளித்தாயிற்று. அத்தைக்கு முன்னால் கொப்பைப் பிடித்தபடி தயங்கி நின்றார். இரண்டு பேரும் நாற்பது வருஷமாக அடுத்தடுத்த வீடு. அத்தை ஓலைச் சிலுவையைப் புடவைத் தலைப்புக்குள் நனையாமல் மறைத்துக்கொண்டு, தோளை மட்டும் காட்டினார்.

டிசம்பரில் குடில் கட்டினோம். ஒரு காலையில் பார்த்தால் பாலன் சேசு கன்னத்தில் தனக்கா. வட்டமாக, இரண்டு பக்கமும். கூடவே மாட்டுக்கும். செய்தது யார் என்று கேட்கவே வேண்டாம், கை முழுக்க மஞ்சள். நான் ஈரத் துணியோடு போனேன். “இருக்கட்டும் விடு” என்றார் அத்தை. “வெயில் ஊரு.” மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் அப்படியே இருந்தது.

வழக்கு இன்னும் முடியவில்லை. பாப்பா காலையில் கும்பிடுவதை நான் தடுக்கப்போவதில்லை என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவரும் ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஏழரை மணிக்கு அவரும் பாப்பாவோடு வாசலுக்குப் போகிறார். காவலுக்குத்தான் என்று சொல்கிறார். சோறு போடுவதில்லை, கும்பிடுவதில்லை, செபமாலை கையில் இருக்கும். போன வாரம் மீட்டிங் தொடங்கத் தாமதமானதால் சன்னல் பக்கம் நின்றிருந்தேன். சேகண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அத்தை குனிந்து பாப்பாவின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாப்பா வழக்கம்போல ‘வேண்டாம்’ என்றாள்.

“கழட்டுடி. பெரியவங்க வர்றாங்க.”